தாலிப்பெட்டிச் சாவி

“மாப்ளை, அடியில போனதும் காலை உதறாதீங்க. சேறு கலங்கிட்டா நம்ம கை நமக்கே தெரியாது. மூச்சு முட்டுச்சுன்னா கயித்தை ரெண்டு தரம் இழுங்க,” என்றான் சுடலைக்கண்ணு.

பட்டு வேட்டியை அவிழ்த்துவிட்டுத் துண்டோடு நின்ற மாப்பிள்ளை சிவசைலம் பணிவாகத் தலையாட்டினான்.

சுடலைக்கண்ணு, சீசன் நாட்களில் குற்றாலத் தடாகங்களில் முங்கி மோதிரம் எடுத்துக் கொடுப்பவன். சிவசைலம், பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் ஆற்றில் நாலு தரம் முங்கியவன். அந்த மகத்தான அனுபவத்தை நம்பித்தான் தானும் இறங்குவேன் என்று அடம்பிடித்திருந்தான்.

கல்யாணத்தன்று விடியும்போதே தாலி இருக்கும் இரும்புப் பெட்டியின் சாவி பெண்ணின் இடுப்பில் ஏறிவிட வேண்டும் என்பது பெண்ணின் தகப்பனார் வல்லிநாயகம் பிள்ளை வீட்டு வழக்கம். மூன்று தலைமுறையாக எந்தப் பெண்ணும் தொலைக்காத சாவியை, தண்ணீர் இறைக்கப் போன மணப்பெண் இராமலட்சுமி தோட்டத்துக் கிணற்றில் நழுவவிட்டாள்.

தென்காசிக் கடைத்தெருவில் வேறு தாலி வாங்கலாமே என்றார் ஒருவர். மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோத்துக் கட்டினால் போதாதா என்றார் இன்னொருவர். குலதெய்வத்தின் முன் வைத்து எடுத்த தாலிதான் ஏற வேண்டும் என்று பிள்ளை ஒரே பேச்சில் முடித்துவிட்டார். பெட்டியை உடைக்கவோ திருநெல்வேலியிலிருந்து ஆள் வர வேண்டும்.

பத்தரைக்கு முகூர்த்தம் முடிகிறது. தவறினால் சம்பந்தமே வேண்டாம் என்று செங்கோட்டைச் சம்பந்தி குத்தாலிங்கம் சொல்லிவிட்டார். சகுனத் தடையோடு வரும் மருமகள் அவருக்கு வேண்டாமாம்.

இருவரும் முங்கினார்கள். எழுந்தார்கள். மறுபடி முங்கினார்கள். ஒவ்வொரு முறையும் கை நிறையச் சேறுதான் வந்தது. ஒருமுறை தேய்ந்துபோன கரண்டி ஒன்று வந்தது. அது தன்னுடையது என்று சமையற்காரர் உரிமை கொண்டாடினார்.

“ஏலே சுடலை, தேடுதியா, குளிக்கியா?” என்று மேலிருந்து கத்தினார் பிள்ளை.

மாப்பிள்ளையின் உதடு நீலம் பாரித்துவிட்டது. போதும் என்று அவன் அம்மா கெஞ்சினாள். அவன் கேட்கவில்லை. தாலி கட்ட இப்படித் தவிக்கிற மாப்பிள்ளையை இந்த ஜில்லாவே கண்டதில்லை என்று பெண்கள் உருகினார்கள். அதைக் கேட்டு இராமலட்சுமி முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். வெட்கம் என்றார்கள்.

கடிகாரம் பத்தரையைத் தாண்டியது. குத்தாலிங்கம் சொன்ன சொல் தவறாதவர். பாயசத்தைக்கூடத் தொடாமல் சொந்தக்காரர்களைப் பஸ்ஸில் ஏற்றினார். பிள்ளை வெற்றுமேடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கிணற்றடியில் மாப்பிள்ளை மட்டும் தலை துவட்டிக்கொண்டிருந்தான். கயிற்றைச் சுருட்டியபடி சுடலைக்கண்ணு அருகில் வந்தான். சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“மாப்ளை, இந்தக் கல்யாணம் வேண்டாம்னு பொண்ணு எங்கிட்ட வந்து அழுதுச்சு. அதுக்காக முதல் முங்குலயே சாவியை நான் சேத்துக்குள்ள அமுக்கினேன். அதுக்கு மேல குதிகாலை வச்சு நீங்க எதுக்கு மிதிச்சீங்க?”