குட்டையில் மிஞ்சிய பெரிய கெண்டை

பாலகாட் என்ற சுரங்க ஊரின் குட்டையில் காலை வெயில் தகரம்போலக் கண்ணைக் கூசவைக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் வேலுவின் இரண்டு கைக்குள்ளும் ஒரு பெரிய கெண்டை துடிக்கிறது. இப்படி ஒன்று வலையில் விழுந்து ஏழு வருஷமாகிறது. கரையில், மீன்களை அளந்து ஆராய வந்த ஷைலா அளவுகோலோடு குந்தியிருக்கிறாள். அவள் தட்டில் கிடக்கும் மீன்கள் எல்லாம் விரல் நீளம்; அதற்குள்ளேயே சினை. "அதை விட்டுடுங்க அங்கிள்." "இன்னா பாப்பா சொல்ற? எங்கப்பா காலத்துலேர்ந்து குஞ்சுங்கள விட்டுட்டு பெருசத்தான் எடுக்கிறோம். பாவ புண்ணியம் பாக்கிறவங்க நாங்க." "அதுதான் அங்கிள் வெனை. பெருசா வளர்ற வம்சத்தத் தின்னுட்டீங்க. குள்ள வம்சம்தான் தங்கி முட்டை போடுது. வளர்த்தி ரத்தத்துல வர்றது." "வெளியேர்ந்து வேற கெண்டை வந்து சேராதா?" "வர்றதுக்கு வாய்க்கால் ஏது?" வேலு சுற்றிப் பார்க்கிறார். நாலு பக்கமும் கரை. மேட்டிலிருந்து அவர் மனைவி தங்கம்மா கத்துகிறாள்: "யோவ், சம்பந்தி பங்காருபேட்டை ஸ்டேஷன்ல எறங்கிட்டாங்களாம்! மீன் கொழம்புன்னு வாய வுட்டது நீதான். வெரல் நீட்டு மீனப் போட்டா சிரிப்பாங்க!" வேலு கைகளைத் தண்ணீருக்குள் இறக்குகிறார். சினை வயிறு உள்ளங்கையில் கனக்கிறது. மீன் துடிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறது. "இன்னாயா பண்ற? வுட்டுட்டியா?" "வுட்டுட்டேன்" என்கிறார். விரல்கள் இன்னும் திறக்கவில்லை.