குரல்நாண் பரிசோதனை

பொங்கலுக்குப் பிறகு செண்பகவல்லிக்குக் குரல் வரவில்லை. அவள் மூக்கில் மருந்தைப் பீய்ச்சிவிட்டு, கேமரா வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டார் அந்தப் பெண் டாக்டர்.

"தொண்டை மரத்துப்போகும். எச்சில் முழுங்க முடியாத மாதிரி இருக்கும். பயமா இருக்காம்மா?"

"அவளுக்குப் பயமெல்லாம் கிடையாது டாக்டர்," என்றார் கணவர் தணிகாசலம்.

"வலிக்குதா?"

"லேசா வலிக்குது." அதையும் அவரே சொன்னார்.

திரையில் இரண்டு வெள்ளை நாண்கள் ஈரமாகத் தெரிந்தன.

"இப்ப ஈன்னு இழுத்துச் சொல்லுங்க."

"ஈ..." என்றார் தணிகாசலம்.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். "சார், நாணுல ஒரு குறையும் இல்ல. நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க."

கதவு சாத்தப்பட்டது. சற்று நேரத்தில் உள்ளிருந்து ஒரு 'ஈ' வந்தது, நீளமாக, பெண்குரலில். டாக்டர் சொல்லிக் காட்டுகிறாரா, இவள் சொல்கிறாளா? தணிகாசலம் கதவில் காதை வைத்தார். மறுபடியும் வந்தது. மனைவியின் குரலை நினைத்துப் பார்க்க முயன்றார். அவள் வாய் அசைவதுதான் நினைவுக்கு வந்தது.

நர்ஸ் கேட்டாள், "வீட்டம்மாவுக்குக் குரல் வந்துடுச்சா சார்?"

"இருங்க," என்றார். "இன்னொரு தடவ சொல்லட்டும்."