முதல் பெயர்

மெட்ராஸ் புறநகரான அஸ்தினாபுரத்தில் பட்டாபிராமன் வீட்டுக் கம்ப்யூட்டரில் டேட்டாபேஸ் போட வந்திருந்தான் லோகநாதன். நான்காவது பிளாப்பியைச் செருகியதும், எந்தெந்தப் பகுதிகள் வேண்டும் என்று திரை கேட்டது.

"ரிப்போர்ட், மாதிரி டேட்டா எல்லாம் போட்டா இடம் பத்தாது சார். எது முக்கியம்?"

"தேடறதுதாம்ப்பா முக்கியம். கேட்டதும் ஆள் கிடைக்கணும்."

"என்ன ஆளுங்க சார்?"

"ரத்தம் குடுக்கறவா. பேர், குரூப், விலாசம்."

நல்ல காரியமாயிற்றே என்று லோகநாதனுக்கு உற்சாகம் பிறந்தது. மாதிரி டேட்டாவை விட்டுவிட்டு மற்றதை ஏற்றினான். தேடிப் பார்க்க ஒரு பெயராவது வேண்டுமே என்று தன் பெயரையே விலாசத்தோடு அடித்தான். குரூப், ஓ நெகடிவ்.

"இப்போ தேடுங்க சார்."

பட்டாபிராமன் தட்டினார். நொடியில் அவன் பெயர் வந்து நின்றது. விலாசத்தைப் படித்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அடுத்த தெருவா? எத்தனை வருஷமா இருக்கே?"

"ஆறு வருஷமா சார்."

"போன வருஷம் என் பொண்ணு ரமாவுக்குப் பிரசவத்துல இந்த ரத்தம்தான் கேட்டா. ரெண்டு நாள் மெட்ராஸ் பூரா அலைஞ்சேன். கிடைக்கலை. குழந்தையை மட்டும்தான் தூக்கிண்டு வந்தோம்."

தெரிந்திருந்தால் ஓடி வந்திருப்பேனே என்று சொல்ல வாயெடுத்த லோகநாதன், தேடிப் பார்க்க அடித்த தன் பெயரை அழிக்காமல் முதல் பெயராகவே பதிவு செய்தான்.