நகரும் படியில் அமிர்தவல்லி

லண்டனில் பூமிக்கடியில் ஓடும் ரயிலை விட்டிறங்கிய இரண்டு பெண்கள், மேலே ஏறும் நகரும் படிகளின் முன்னால் நிற்கிறார்கள். ராஜபாளையத்திலிருந்து கப்பலேறி டாக்டருக்குப் படிக்க வந்த அமிர்தவல்லிக்கு இன்று முதல் வகுப்பு. மஞ்சள் விளக்கொளியில் மரப்படிகள் ஊர் நூல் மில்லைப்போலக் கடகடக்கின்றன. ஈரக் கம்பளிக் கோட்டுகள் அவளை உரசிக்கொண்டு முந்துகின்றன. "ஏட்டி, சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுக் காலை வை," என்கிறாள், போன வருஷமே வந்துவிட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் ஞானரத்தினம். "செத்த பொறு, என்னை இழுக்காத." கொசுவத்தைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு அமிர்தவல்லி காலை வைக்கிறாள். படி அவளைத் தூக்கிக்கொண்டு போகிறது. மேலே பகல் வெளிச்சம் பெரிதாகிக்கொண்டே வருகிறது. பஸ்களின் இரைச்சல் கேட்கிறது. உச்சியில் ஒரே குதியாகக் குதித்து, விழாமல் நின்று, வாய்விட்டுச் சிரிக்கிறாள். "நாளைக்கு நீ தொணைக்கு வராத," என்கிறாள் மூச்சிரைக்க. "நான் தனியாவே போறேன்."