புளி போட்டுத் துலக்கிய காசு

மைனாவுக்குத் திடீரென்று பழங்காசுப் பைத்தியம் பிடித்தது. வளை தோண்டும்போது கிடைப்பதை விற்கும் பெருச்சாளியிடம் ஓடி, மூன்று தேங்காய்க் கீற்று கொடுத்து முதல் காசை வாங்கியது.

"ஒருபக்கம் யானை, மறுபக்கம் மீன். ராஜா காலத்துக் காசு. பச்சைக் களிம்பை மட்டும் தொட்டுடாதே, தங்கச்சி" என்றது பெருச்சாளி.

மைனாவுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. ராஜா காசு அழுக்காக இருக்கலாமா என்று புளியும் மணலும் போட்டுத் தேய்த்தது. களிம்பு போனது, மீனும் பாதி போனது, காசு பளபளவென்று மின்னியது. அந்த மினுக்கைப் பார்த்ததும் மைனா காசைக் கவ்விக்கொண்டு பெருச்சாளியிடம் பறந்தது.

"நேத்து அடிச்ச காசை என் தலையில கட்டிட்டீங்களே அண்ணே" என்று வளை வாசலில் அதை வீசிவிட்டுப் போனது.

பெருச்சாளி காசை எடுத்து ஈரமண்ணில் புதைத்தது.

இரண்டு மழைக்காலம் கழித்து மைனா மறுபடி வந்தது. பச்சை பூத்த காசு ஒன்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது. ஒருபக்கம் யானை, மறுபக்கம் அரை மீன்.

"இதுதான் அண்ணே அசல் பழசு. மீன் தேய்ஞ்சிருக்கிறதைப் பார்த்தாலே தெரியுதே" என்று ஆறு கீற்று கொடுத்து வாங்கியது.

கூட்டுக்குப் பறக்கும் வழியில், புளியமரத்தில் மட்டும் கொஞ்சம் இறங்கியது.