தொப்பியின் உள்பக்கம்

"ஏளா, இங்க ஒரு விரலை வையி."

வைத்தேன்.

கடற்படைத் தொப்பியைச் சுற்றிக் கறுப்பு நாடா. நாடாவில் பொன்னெழுத்தில் கப்பலின் பெயர். மேகவதி. இடது காதுக்கு மேலே பூமுடிச்சு வர வேண்டும். இரண்டு கண்ணி, இரண்டு நுனி.

என் வீட்டுக்காரர் ஒரு கண்ணியை மடித்து இழுத்தார். மற்றதை மடிப்பதற்குள் குடியிருப்பு வாசலில் துறைமுகத்து வேன் வந்து ஒலியெழுப்பியது.

அது மாற்றுத் தொப்பி. அவர் தலையில் வேறொன்று இருந்தது.

"கெடக்கட்டும். வந்து கெட்டிக்கிடுதேன்."

விரலை எடுத்தேன்.



மேகவதி திரும்பவில்லை.

பழைய கப்பல். உள்ளே புகும் தண்ணீரை இறைக்கும் பம்பு நினைத்தால்தான் ஓடும் என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பார். "அதுக்கு மனசு வந்தா ஓடும். இல்லைன்னா வாளி இருக்கு."

விசாரணையில் புயல் என்று முடித்தார்கள்.

பம்பைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னபோது, துக்கத்தில் பேசுகிறேன் என்றார்கள்.

உடல் கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டாமல் ஒரு சிலுவை நட்டோம்.

மறு வருடம் பெயர் மட்டும் கரையேறியது.

மாலுமிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் தளம் ஒன்றுக்கு மேகவதி என்று சூட்டினார்கள். அதுதான் வழக்கமாம். போன கப்பலின் பெயரை அடுத்தது வாங்கிக்கொள்ளும்.

அடுத்தது மிதக்க வேண்டும் என்றுகூட இல்லை.

விழாவுக்கு அழைத்தார்கள். கப்பலோடு எல்லாம் போய்விட்டது, அந்தத் தொப்பியைக் கொடுத்தால் கண்ணாடிப் பெட்டியில் வைப்போம் என்றார்கள்.

கொடுக்கும் எண்ணத்தோடுதான் போனேன். வீட்டு ஆணியில் தொங்கித் தூசி படிவதற்குப் பதில் நாலு பேர் பார்க்கட்டும் என்று.



வேப்பமரங்கள். சுண்ணாம்படித்த கல்வரிசை. அப்போதுதான் கழுவிவிட்ட சிமெண்டுத் தரை.

"பாத்து வாங்கக்கா. மேல்தளம் வழுக்கும்."

கூட்டிப்போக வந்தவர் செல்வராசு. உசிலம்பட்டிப் பக்கம். தரையைத்தான் மேல்தளம் என்றார்.

"இங்க எல்லாமே கப்பல் கணக்குத்தான்க்கா. வாசலத் தாண்டுனா வெளிய போறதுன்னு சொல்லக் கூடாது. கரைக்குப் போறதுன்னுதான் சொல்லணும். வந்த புதுசுல எனக்கே சிரிப்பா வரும்."

எனக்கு வரவில்லை.

அதிகாரி ஆங்கிலத்தில் பேசினார். செல்வராசு காதோரம் தமிழில் சொன்னார். "மேகவதி மூழ்கலையாம்க்கா. நம்ம காலடியிலதான் இருக்காம்."

கை தட்டினார்கள். வரிசையில் நின்ற தலைகளில் எல்லாம் அதே பொன்னெழுத்து. எல்லா முடிச்சும் ஒன்றுபோல.

இனி இறந்தவர்களின் பெயர்களைப் படிப்பார்கள் என்று காத்திருந்தேன்.

தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்கச் சொன்னார்கள்.

பிறகு தேநீர். கோப்பையின் விளிம்பு வரை ஊற்றியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் கப்பல் ஆட்டத்துக்குப் பழகியவர்; வீட்டிலும் முக்கால் டம்ளருக்கு மேல் ஊற்ற விடமாட்டார்.

இங்கே ஒரு சொட்டுக்கூடத் தளும்பவில்லை.

தொப்பியை அதிகாரி இரண்டு கைகளாலும் வாங்கினார். மரியாதையாகத்தான் வாங்கினார். முடிச்சைக் கண்டதும் புருவம் சுருங்கியது. செல்வராசுவிடம் ஏதோ சொன்னார்.

"முடிச்சு அரைகொறையா இருக்காம்க்கா. அவுத்துட்டு ஒழுங்காக் கட்டி வச்சிரலாம்ங்கிறாரு."

"உள்ள பேரு எழுதியிருக்கு. பாத்தாராமா?"

உள்பட்டையில் மை மங்கிக் கிடந்தது. ஜெ. மச்சாது. சலவையில் மாறிவிடாமல் இருக்க அவரே எழுதியது.

செல்வராசு கேட்டார். அதிகாரி பொறுமையாகப் பதில் சொன்னார்.

"உள்பக்கம் தெரியாதுக்கா. கவுத்துத்தான வைப்பாங்க."

கையை நீட்டினேன்.

அதிகாரிக்குப் புரியவில்லை. கைகுலுக்கத்தான் என்று நினைத்துப் புன்னகைத்தார். நீட்டிய கையை நான் மடக்கவில்லை.

தொப்பி என்னிடம் வந்தது.

வாசல் வரை செல்வராசு பின்னாலேயே வந்தார். "கோவிச்சுக்கிட்டுப் போறீங்களேக்கா. கப்பல் பேரு அழியக் கூடாதுன்னுதான இவ்வளவும்."

"தம்பி, இந்தக் கப்பல்ல பம்பு ஓடுதா?"

"இங்க எதுக்குக்கா..." என்றவர் யோசித்தார். "செடிக்குத் தண்ணி விட ஒண்ணு இருக்கு. புதுசு. நல்லா ஓடும்."

சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

நான் கரைக்குப் போனேன்.



தொப்பி பழைய ஆணியில்தான் இருக்கிறது. உள்பக்கம் தெரியும்படி மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் முதலில் அவர் பெயரைப் படிக்கிறார்கள். யார் என்று கேட்கிறார்கள். சொல்கிறேன்.

நாடாவில் கண்ணி ஒன்று. மற்ற நுனி மடிக்காமல் தொங்குகிறது.