நாற்காலிக்கு இடமில்லை

“உங்க வீட்டுக்காரர் நாற்காலியை எடுத்துட்டுப் போயிடும்மா. இங்கே இடத்தை அடைக்குது.”

வந்தவளை வா என்றுகூடச் சொல்லாமல் முதலாளி இப்படித்தான் ஆரம்பித்தார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் போனில் “ஒரு நடை வந்துட்டுப் போம்மா” என்றவர், எதற்கென்று சொல்லவில்லை. ஒலிப்பதிவுக்கூடம் நடத்தி, சத்தத்தை விற்றுப் பிழைக்கிற மனிதர். ஆனால் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயரே ‘மியூட்’.

அவள் தையல்காரி. பாதி தைத்த சட்டையை மிஷினிலேயே விட்டுவிட்டு, கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்பைக் கழற்றக்கூடத் தோன்றாமல் ஓடி வந்திருந்தாள்.

புருஷன் இங்கே பதினாறு வருஷமாக ஒலிப்பதிவாளர். ஆறு மாதம் முன்பு, வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்க ஏணியில் ஏறியவர் விழுந்தார். இரண்டு காலும் போயிற்று. அன்றிலிருந்து ஜன்னலோரம்தான் வாசம். தெருவில் போகும் வண்டிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, “பிரேக் தேஞ்சிருக்கு, பாவம்” என்பார்.

இன்று கிளம்பும்போது சொன்னார்: “எனக்கு வேலை இருக்கா இல்லையான்னு கேட்டுட்டு வா. இல்லைன்னா நேரா சொல்லிடு. சுத்தி வளைக்காதே.”

கேட்கவே வேண்டாம் போலிருக்கிறதே!

ஒலிப்பதிவு அறைக்கு வெளியே, நடையில், அவருடைய உயரமான சுழல் நாற்காலி அநாதையாக நின்றது. கதவின் கீழே எல்லாரையும் தடுக்கிவிடும் மரக்கட்டையைக் காணோம். பெயர்த்துவிட்டுப் புதுசாகச் சிமெண்டு பூசியிருந்தார்கள். ‘புது ஆளுக்கு வரவேற்பு பலமாத்தான் இருக்கு’ என்று நினைத்துக்கொண்டாள்.

உள்ளே ஒரு ஜோடி புது ஸ்பீக்கர். பொருத்த வந்திருந்தவர் வியர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார். இரண்டையும் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் தள்ளினார்.

“சுவரோட ஒட்டி வெச்சா ‘தம் தம்’னு அடிச்சத்தம் உப்பிக்கும் சார். இப்ப கேளுங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு!”

முதலாளி தலையை மட்டும் ஆட்டினார்.

“இந்தச் சின்ன வட்டம் இருக்கே, இது உட்கார்றவர் காதை நேராப் பார்க்கணும். ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க சார், அளந்துக்கறேன்.”

“நாற்காலி வேண்டாம்.”

“நாற்காலி இல்லாம நான் எதை வெச்சு அளக்கறது?”

“கொஞ்சம் இறக்குங்க.”

ஸ்பீக்கர்காரர் ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தி இறக்கினார்.

“இன்னும்.”

“சார், இதுக்கு மேல இறக்கினா காதுக்கு வராது, நெஞ்சுக்குத்தான் வரும். யாரு உட்காரப் போறாங்கன்னாவது சொல்லுங்களேன்!”

“வருவாங்க.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் புருஷன் நல்ல உயரம். நாற்காலியையும் ஏற்றிவிட்டு ராஜா மாதிரி உட்காருவார். இது யாரோ குள்ளமான ஆளுக்காக. முதலாளியின் சொந்தக்காரப் பிள்ளையாகக்கூட இருக்கும். விழுந்து ஆறே மாதம், அதற்குள் இடம் பிடித்தாயிற்று. மாதாமாதம் பாதிச் சம்பளம் அனுப்பினாரே, அது இந்த நாளுக்குத்தானா? வாயை அடைக்கவா?

“சார்!”

முதலாளி திரும்பினார்.

“நாற்காலியை எடுத்துட்டுப் போறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். இந்த அறையில எந்த மூலையில சத்தம் தங்கும், எந்தச் சுவர்ல எதிரொலிக்கும்னு அவருக்குத்தானே தெரியும்? காய்ச்சலோட வந்து வேலை பார்த்தவர் சார். எங்க கல்யாணத்தன்னிக்குக்கூட பாதியில ஓடி வந்தாரே, மறந்துட்டீங்களா?”

மியூட் குனிந்து ஸ்டாண்டின் உயரத்தைப் பார்த்தார்.

ஸ்பீக்கர்காரர் திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கூரையைப் பார்த்தார்.

“வேலை இல்லைன்னு சொல்லிட்டா மனுஷன் அங்கேயே உடைஞ்சிடுவாரு. வீட்டுல போய் நான் எப்படிச் சொல்லுவேன்? நீங்களே சொல்லுங்க! அவருக்குக் கால்தானே சார் போச்சு? காதா போச்சு?”

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை நோக்கி நடந்தாள்.

“நில்லும்மா.”

நின்றாள்.

முதலாளி தொண்டையைச் செருமினார். அவருக்குப் பேச்சு வருவதற்கு முன்னால் எப்போதும் அது ஒன்று வரும்.

“அந்தக் காதுக்காகத்தான் உன்னை வரச் சொன்னேன். கழுத்துல டேப் வேற இருக்கு, நல்லதாப் போச்சு. வீட்டுக்குப் போய், சக்கர நாற்காலியில அவர் உட்கார்ந்திருக்கறப்ப காது தரையிலேர்ந்து எவ்வளவு உயரத்துல இருக்குன்னு அளந்து போன்ல சொல்லு. இவரு ஒரு மணி நேரமா அதுக்குத்தான் காத்திருக்காரு.”